மூன்று என்றால் விதவை

நார்வே நாட்டில் முகம் தெரியாத ஓர் ஆராய்ச்சியாளர் தன் கட்டுரையின் அடிக்குறிப்பில் பேராசிரியர் நல்லபெருமாளின் நேர்மைக் கட்டுரையை முதன்முதலாக மேற்கோள் காட்டிய செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, யுனிவர்சிட்டிக்குச் சாலை பிரியும் விலக்கில் வந்து நின்ற டவுன் பஸ்ஸிலிருந்து, அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி ஒரு மனிதர் இறங்கினார். இறங்கியவர் யாரிடமும் வழி கேட்காமல், ஏற்கெனவே ஆயிரம் தடவை நடந்த பாதையில் நடப்பவர்போல நேரே ரேஷன் கடைக்குப் போய், பொட்டலத்தைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார்.

"இது என்னதுவே?" என்றான் கடையில் எடை போடும் இசக்கியப்பன்.

"கூடுதலாகத் தரப்பட்ட சர்க்கரை. திருப்பித் தருகிறேன்."

"உம்ம பேரு?"

"தொண்ணூறு."

"வயசக் கேக்கலவே, பேரு."

"வயது நாற்பத்தேழு. ஆண். தொடக்கக் கல்வி. பிள்ளைகள் மூன்று. எண் தொண்ணூறு" என்று சொல்லிவிட்டு அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். ஆய்வில் பங்கேற்கச் சம்மதிப்பதாகக் கைநாட்டு வைத்த படிவம் அது. கடைசி வரியில், 'ஏதேனும் ஐயம் இருப்பின் அணுகவும்: பேராசிரியர் நல்லபெருமாள், நடத்தை அறிவியல் துறை, அறை எண் 14' என்று அச்சடித்திருந்தது. இசக்கியப்பன் படித்துப் பார்த்தான். நம்ம புரொபசர் சர்வே எடுத்த ஆள் போலிருக்கிறது, பாவம், எந்த ஊரிலிருந்து இந்த அரைக் கிலோவைச் சுமந்துகொண்டு வந்தாரோ என்று நினைத்து, ஒரு டீ சொல்லிவிட்டு அறை எண் பதினான்குக்கு வழி காட்டினான்.

அறை எண் பதினான்கில் அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் நல்லபெருமாள் அந்த அறைக்கு எப்படி வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனிதர் மேல் அநியாயமாகக் கோபம் வரும், சொன்னால் நியாயமாக வரும். இருபத்திரண்டு வருடத்தில் நாற்பத்து மூன்று கட்டுரைகள் எழுதியவர் அவர். அந்த நாற்பத்து மூன்றுக்கும் சேர்த்து உலகம் காட்டிய மேற்கோள் பத்தொன்பது, அதில் பதினொன்று அவரே தன்னைக் காட்டிக்கொண்டது. மனிதர்கள் எப்போது நேர்மையாக இருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய துறை. ரேஷன் கடையில் தெரியாததுபோல அரைக் கிலோ சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, வாங்கிப்போனவர் திருப்பிக் கொண்டுவருகிறாரா என்று பார்க்கும் சோதனையை அவரேதான் யோசித்துக் கண்டுபிடித்தார், நல்ல சோதனைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானூறு பேரிடம் நடத்துவதாகத் திட்டம். எண்பத்தொன்பது பேர் முடிந்திருந்தபோது கடைக்குச் சர்க்கரை வரத்து நின்றுபோனது, மூன்று மாதம் ஆகும் என்றார்கள், பேராசிரியர் பதவிக்கான நேர்காணலோ தையில் என்றார்கள். அந்தப் பொங்கல் விடுமுறையின் நான்கு பகல்களில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மிச்சம் முன்னூற்றுப் பதினொரு பேரை நல்லபெருமாள் தானே உண்டாக்கினார்.

முதலில் கொஞ்சம் கூச்சத்தோடும் கவனத்தோடும்தான் உண்டாக்கினார். தொண்ணூறுக்கு மூன்று பிள்ளைகள் என்று போட்டபோது, மனிதர் இந்தச் சம்பாத்தியத்தில் எப்படிச் சமாளிப்பார் என்றுகூட ஒரு கணம் யோசித்தார். நூற்றுப்பத்து, நூற்று இருபது தாண்டியபோது யோசிப்பது நின்றது. நூற்று எழுபத்தேழாம் வரிசையில் ஒரு பெண், வயது முப்பத்தொன்று, அடுத்த வரிசையில் ஒரு பெண், வயது முப்பத்திரண்டு என்று தட்டியபோது விடுமுறையிலும் பதிவாளர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது, நேர்காணல் அடுத்த வாரம் இல்லை சார், இந்த வெள்ளிக்கிழமையே. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, ஆமாம் சார், தயார் சார் என்று சொல்லிக்கொண்டே, அந்த இரண்டு வரிசைகளையும் மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தார். வயது ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போனது, மற்றதெல்லாம் அப்படியே படிந்துகொண்டே போனது. பிள்ளைகள் இரண்டு, இரண்டு, இரண்டு. சர்க்கரையைத் திருப்பித் தந்தாரா, ஆம், ஆம், ஆம். திருமண நிலை என்ற பத்தியில் ஒன்று என்றால் மணமாகாதவர், இரண்டு என்றால் மணமானவர், மூன்று என்றால் விதவை. மூன்று, மூன்று, மூன்று என்று இறங்கி, போனில் பேசியவர் வாழ்த்துச் சொல்லி வைத்தபோது இருநூற்று முப்பத்தேழில் போய் நின்றது. ஒரே இழுப்பில் அறுபத்தொரு பெண்கள் தாலி இழந்தார்கள், நல்லபெருமாள் போனைக் கீழே வைத்துவிட்டு மனைவி கொண்டுவந்த காபியை வாங்கிக் குடித்தார்.

பெயர் மட்டும் யாருக்கும் வைக்கவில்லை. பங்கேற்பவர்களின் பெயரை எழுதக்கூடாது என்பது ஆய்வு அறம், அந்த ஒரு அறத்தை அவர் மீறவேயில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்த அறுபத்தொரு பேர்தான் முடிவைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். கணவனை இழந்த பெண்கள் மற்ற எல்லாரையும்விட நேர்மையாக இருக்கிறார்கள், இழப்பு மனிதரை நேராக்குகிறது என்று ஒரு முடிவு வந்தது. அதைப் படித்தபோது நல்லபெருமாளுக்கே நெஞ்சு இளகியது. அந்த இளக்கத்தை நினைத்துத்தான் பின்னாளில் அவர் தனியாக இருக்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார். கட்டுரை வந்தது, பதவி வந்தது, இரண்டு வருடம் கழித்து நார்வேக்காரரின் மேற்கோள் வந்தது, அதன் பின்னாலேயே தொண்ணூறு வந்தார்.

"எனக்கு ஓர் ஐயம்" என்றார் தொண்ணூறு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து. "பிள்ளைகள் மூன்று. அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?"

நல்லபெருமாள் அவருடைய முகத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டு வந்து கணினியில் பழைய கோப்பைத் திறந்து தொண்ணூறாம் வரிசையைப் பார்த்தார். பயம் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. காதிரண்டும் சூடாகி, பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடுவே பிட்டோடு பிடிபட்ட பையனுக்கு வருமே, அந்த வெட்கம்தான் முதலில் வந்தது. "விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றார். அதற்குப் பிறகு வந்த முன்னூற்றுப் பத்துப் பேரில் அநேகம் பேருக்கு அதையே சொன்னார்.

ஆமாம், முன்னூற்றுப் பத்துப் பேரும் வந்தார்கள். ஒரு மேற்கோளுக்கு ஒருவராக, முதலில் மாதத்துக்கு இரண்டு பேர், பிறகு யாரோ ஒரு வெளிநாட்டுப் பேச்சாளர் மேடையில் இந்தக் கட்டுரையைப் புகழ்ந்து பேசிய பின் நாளுக்கு நான்கு பேர், ஐந்து பேர் என்று பதினொன்றேகால் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்வே ஆளுங்க வாறாங்க என்று கண்டக்டரே விலக்கில் விசில் கொடுத்துச் சொன்னார். பூட்டிப் போன நூல்மில்லின் பின்னால் ஆளில்லாமல் கிடந்த குடியிருப்பில் ஒட்டடை அடித்து, ஆளுக்கொரு பானையும் பாயும் கொடுத்துத் தங்க வைத்தார்கள். ஆண்கள் ஓட்டுக் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்குப் போனார்கள். பெண்கள் பீடி சுற்றக் கற்றுக்கொண்டார்கள். தங்களைப் பற்றி ஒன்பது தகவலுக்கு மேல் ஒன்றும் தெரியாத அந்த ஆட்களுக்கு, கோள் சொல்லவும் பழசைக் கிளறவும் ஒன்றும் இல்லாததால், அவர்களைவிட நல்ல அண்டை வீட்டுக்காரர்கள் ஜில்லாவிலேயே இல்லை என்று ஆயிற்று.

அவர்கள் பேச்சுத்தான் ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ஓரளவு உடன்படுகிறேன்" என்பார்கள். மழை வருமா என்றால் "கருத்து இல்லை." அது ஊரில் தொற்றிக்கொண்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு ஒரு பெண் "முற்றிலும் மறுக்கிறேன்" என்று சொல்லி, வந்தவர்கள் பஜ்ஜியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். இசக்கியப்பனுக்கு மட்டும் வேறு கவலை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரையோடு வந்தார்கள், சரக்கு குறைந்தால் அதிகாரி கேள்வி கேட்பான், கூடினால் அதைவிடக் கேட்பான். யோசித்து யோசித்துப் பார்த்து, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் கொண்டுபோய்க் கொட்டினான். பிள்ளைகள் வாரத்துக்கு மூன்று நாள் கேசரி சாப்பிட்டார்கள்.

பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. வாசலில் நல்லபெருமாளின் படம் போட்ட பேனர் ஏறியது, அதில் மேற்கோள் எண்ணிக்கையை மாற்றி மாற்றி ஒட்ட ஒரு பணியாளரை ஏணியோடு நியமித்தார்கள். துணைவேந்தர் அவரைக் கண்டால் எழுந்து நின்றார். நல்லபெருமாளுக்குக் காலையில் அந்த எண்ணைப் பார்த்தாலே அன்று எத்தனை பேர் பஸ்ஸில் வருவார்கள் என்று தெரிந்துவிடும். மற்றவர்களெல்லாம் மேற்கோள் ஒன்று ஏறாதா என்று தவம் கிடக்கும் உலகத்தில், ஏறக்கூடாது ஏறக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே விஞ்ஞானி அவர்தான். ஊர்க்காரர்கள் எதிரில் பார்த்தால் கும்பிட்டார்கள். எங்கெங்கேயோ கிடந்த ஏழைகளைத் தேடிப் பிடித்துப் பேசி, அவர்கள் நல்ல குணத்தை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் காட்டிய மனிதர் என்று அவர்கள் நம்பினார்கள். அவர் மறுக்கவில்லை. பதிலுக்குக் கும்பிடுவதற்குக் கை எழும்பாமல், தலையை மட்டும் குனிந்துகொண்டு போவார். எவ்வளவு அடக்கம் பாரு என்றார்கள்.

எண்பத்தெட்டாவது மேற்கோளில் நூற்று எழுபத்தேழு வந்தாள். அடுத்த அடுத்த நாட்களில் அவளைவிட ஒரு வயது மூத்தவளாக ஒருத்தி, அவளைவிட ஒரு வயது மூத்தவளாக ஒருத்தி என்று, தொண்ணூற்றொரு வயது வரைக்கும் அறுபத்தொரு பேர் இறங்கினார்கள். குடியிருப்பில் ஒரு தெருவை அவர்களே வயது வரிசையாகப் பிடித்துக்கொண்டார்கள், கோடி வீட்டில் இளையவள், மறு கோடியில் கிழவி. எல்லாருக்கும் வெறுங்கழுத்து, எல்லாருக்கும் இரண்டு பிள்ளைகள், ஒருத்திக்கும் பிள்ளை கூட வரவில்லை. ஊர் அந்தத் தெருவுக்குச் சர்க்கரைத் தெரு என்று பெயர் வைத்தது. அந்தத் தெருவுக்குள் மட்டும் நல்லபெருமாள் போனதில்லை.

நூற்று எழுபத்தேழுதான் அவரைத் தேடித் தேடி வந்தாள். மற்றவர்கள் விசாரித்துச் சொல்கிறேன் என்றதை நம்பிக் காத்திருந்தார்கள், சிலர் மறந்துகூடப் போனார்கள். தொண்ணூறு செங்கல் சூளை மேஸ்திரியாகி, ஊர்ப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பதோடு தன் ஐயத்தை அமர்த்திக்கொண்டார். இவள் விடவில்லை. பீடிக் கம்பெனிப் பெண்களோடு பழகி, ஓரளவு உடன்படுகிறேன் எல்லாம் உதிர்ந்து, ஊர்ப் பேச்சு வாயில் வந்த பிறகு வியாழக்கிழமைதோறும் அறை எண் பதினான்கின் முன்னால் வந்து நிற்பாள்.

"சார், விசாரிச்சியளா?"

"விசாரிக்கேன்மா."

"எங்க வீட்டுக்காரரு எப்படிச் செத்தாருன்னாவது தெரிஞ்சுதா? கழுத்தத் தடவினா வெறிச்சுன்னு இருக்கு, அழுகையா வருது. ஆனா யாருக்காக அழுதோம்னு ஒரு மொகம் வரமாட்டேங்கு."

"எழுதிப் போட்டிருக்கேன்மா. பதில் வரட்டும்."

"பெரியவனுக்கு இந்நேரம் பால்பல்லு விழுந்திருக்கும் சார். யாரு பாத்துக்கிடுதாவளோ. பையனா பொண்ணான்னுகூட எனக்குத் தெரியல, நானா பெரியவன்னு சொல்லிக்கிடுதேன்."

அவள் போன பிறகு நல்லபெருமாள் பத்தியில் இருக்கும் அந்த இரண்டு என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு வியாழக்கிழமை, ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம், ஒரு பேர், ஒரு நோய், ஓர் அனாதை இல்லம், அவளுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று வாயைத் திறந்தார். திறந்தவருக்கு, இதைத்தானே அந்தப் பொங்கலிலும் செய்தோம் என்று தோன்றிவிட்டது. வாயை மூடிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

அவருக்கு வாழ்நாள் விருது அறிவித்த அன்றுதான் மனைவி கோமதி பேசினாள். விருதுக்கு உடுத்துவதற்குப் பட்டுவேட்டியை எடுத்து வைத்துவிட்டு, பெட்டியை மூடாமல் நின்றுகொண்டு கேட்டாள். "என்னங்க, நான் ஒண்ணு கேப்பேன், கோவப்படக்கூடாது."

"கேளு."

"முன்னூறு பேருக்கு மேல சர்வே எடுத்தது அந்தப் பொங்கலுக்குத்தான?"

அவர் குனிந்து பட்டுவேட்டியின் கரையைப் பார்த்தார்.

"அந்த நாலு நாளும் நீங்க வாசப்படி தாண்டலையே. நான்தான காபி கொண்டாந்து வச்சேன்." வேட்டியைக் கையில் எடுத்தாள். "நான் அன்னைக்கே கேட்டிருக்கணும். பதவி வரட்டும்னு நானும் வாய மூடிட்டேன். எனக்கு அந்தத் தெருப் பக்கம் போய்க் காய்கறி வாங்க முடியல."

அவ்வளவுதான் சொன்னாள், பட்டுவேட்டியைத் திரும்ப மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் நல்லபெருமாள் அவள் முன்னால் அப்படிக் கூனிப்போனதில்லை. விருது விழாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார், அதுவும் பொய்தான் என்று நினைத்து அதற்கும் வெட்கப்பட்டார்.

அடுத்த வியாழக்கிழமை நூற்று எழுபத்தேழு வந்தபோது அவர் கதவைச் சாத்தவில்லை. உட்காரச் சொன்னார். கணினியை அவள் பக்கம் திருப்பி, வரிசையைக் காட்டி, மூன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன, மவுஸ் என்றால் என்ன, இழுப்பது என்றால் என்ன என்று, மாணவர்களுக்குக்கூட அவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை, எல்லாவற்றையும் சொன்னார். அப்படி ஒரு மனிதர் இருந்ததில்லை, அப்படி இரண்டு பிள்ளைகள் இருந்ததில்லை, நான் போன் பேசிக்கொண்டிருந்தேன் என்றார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் அழுதது?" என்றாள்.

அவர் திரையில் பத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்குப் பத்தி இல்லை.

"இத வெளியில எழுதிப் போடப்போறேன்மா. கட்டுரைய எடுத்துரச் சொல்லி. எடுத்துட்டா நீங்கல்லாம் என்ன ஆவியன்னு எனக்குத் தெரியல. நீ சரின்னு சொன்னா..."

"எங்கிட்ட அனுமதி கேக்கியளா?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "தாலிய அறுக்கதுக்கு முன்னால கேட்டிருக்கணும் சார்."

எழுந்து போய்விட்டாள். அன்று மாலைக்குள் சர்க்கரைத் தெருவில் அறுபத்தொரு கதவும் சாத்திக்கொண்டன, பீடிக் கம்பெனியில் அறுபத்தொரு முறம் சும்மா கிடந்தது.

நல்லபெருமாள் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அனுப்புவதற்குள் ஊருக்குத் தெரிந்து, ஒரு கூட்டமே வீட்டு வாசலுக்கு வந்தது. பொய்யா மெய்யா என்பதைப் பற்றி ஊருக்கு ஒன்றும் இல்லை, ஆட்கள் காணாமல் போய்விடுவார்களே என்பதுதான் பயம். "வேண்டாம் சார்" என்றார் சூளைக்காரர், "தொண்ணூறு போயிட்டாருன்னா எனக்குக் கையொடிஞ்ச மாதிரி." ஒருத்தி தன் மகனை இருநூற்று எண்பதுக்கு நிச்சயம் செய்திருந்தாள், அவள் அழுதாள். துணைவேந்தர் வேறு விதமாகச் சொன்னார், உங்கள் ஒரு கட்டுரையை எடுத்தால் பல்கலைக்கழகம் தரவரிசையில் நாற்பது இடம் இறங்கும், யோசியுங்கள், இவ்வளவு நாள் பொறுத்த மனசாட்சி இன்னும் மூன்று வருடம், ஓய்வு பெறும் வரை பொறுக்காதா. இசக்கியப்பன் மட்டும் கூட்டத்தின் பின்னால் நின்று, "இத்தனை வருசம் அந்தப் பிள்ளையளுக்கு ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கீரேய்யா" என்றான். எல்லாப் பேச்சிலும் அந்த ஒன்றுதான் நல்லபெருமாளுக்குச் சுருக்கென்று தைத்தது. கடிதத்தை அனுப்பிவிட்டார்.

பதில் வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் முன்னூற்றுப் பதினொன்றாவது மேற்கோளும் வந்து, நானூறாம் எண் கடைசி ஆளாக வந்து இறங்கி, அதற்குப் பின் பஸ் காலியாக வந்தது. ஒரு திங்கட்கிழமை கட்டுரை நீக்கப்பட்டதாக இரண்டு வரி அறிவிப்பு வெளியானது. அன்று காலை ஊரே நூல்மில் குடியிருப்பில் போய் நின்றது, பானை சட்டியைப் பத்திரப்படுத்தலாம் என்று சிலர் சாக்கோடுகூட வந்திருந்தார்கள். தொண்ணூறு வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நூற்று எழுபத்தேழு பாத்திரம் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தாள் போய்விட்டது, ஆட்கள் இருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லாரும் வேலைக்கு நேரமாகிறது என்று கலைந்து போனார்கள்.

நல்லபெருமாளின் படத்தை வாசலிலிருந்து இறக்கினார்கள், ஏணிக்காரருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். பதவி போயிற்று. தெருவில் கும்பிடுகள் நின்றன, முகம் திருப்பிக்கொண்டு போனார்கள், ஒரு நாள் யாரோ அவர் காதுபட "முற்றிலும் உடன்படுகிறேன்" என்று இளித்தார்கள். அதெல்லாம் அவருக்குத் தகும் என்றுதான் இருந்தது. உண்மையைச் சொன்னால், தண்டனை கிடைத்ததில் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் லேசாக இருந்தது, இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டார். பிறகு அந்த லேசையும் எண்ணி மனிதர் நாணிப்போனார்.

அப்போதுதான் நூற்று எழுபத்தேழு முதல் தடவையாக அவர் வீட்டுக்கு வந்தாள். கோமதி உள்ளே வரச் சொல்லியும் வராமல் படிக்குக் கீழே நின்றாள்.

"சார், எங்க தெருவுல அறுபத்தோரு பேரு தாலியறுத்தவ. ஒருத்தி வீட்டுக்குக்கூட இன்னும் ஒரு ஆளு துட்டி கேக்க வரல."

துட்டி கேட்பது என்றால், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் செய்தி கேள்விப்பட்டவர்கள் போய்த் தரையில் உட்கார்ந்து, என்ன ஆச்சு, நல்லாத்தானே இருந்தார் என்று கேட்டு, சொல்வதைக் கேட்டுவிட்டு வருவது. எந்தப் பகையாளியும் அதைத் தவறவிட மாட்டான். செத்தவனை அறிந்தவர்கள்தான் கேட்க முடியும், அந்த அறுபத்தொரு பேரையும் ஊரில் யாருக்கும் தெரியாது, ஆகவே யாரும் போகவில்லை.

"அப்படி ஒருத்தரு இல்லையேம்மா" என்றார் நல்லபெருமாள். "இல்லாதவருக்கு எப்படி..."

"அவிய இல்ல, செரி. நான் இருக்கேன்லா" என்றாள் அவள். "உங்களை விட்டா அவியளக் கொன்னது யாருக்குத் தெரியும்? நீங்கதான் வரணும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் சர்க்கரைத் தெருவுக்குப் போனார். நோட்டு இல்லை, பேனா இல்லை, தோளில் ஒரு துண்டு மட்டும். அறுபத்தொரு வாசலிலும் பாய் விரித்திருந்தது, பெண்கள் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், கோடி வரைக்கும் ஒருத்தி மாற்றி ஒருத்தி அவரையே பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு நடுவே முதல் வீட்டு வாசலுக்கு இருபது அடி நடந்தார். பாயில் உட்கார்ந்தார். தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு அவருக்கு? நல்லாத்தான இருந்தாரு?"

நூற்று எழுபத்தேழு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். அவர் பேர் மாடசாமி. கிணறு வெட்டுகிற ஆள். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். பங்குனி வெயிலில் கிணற்றுக்குள் இறங்கியவர் தண்ணீர் ஊறிவிட்டது என்று மேலே பார்த்துச் சத்தம் கொடுத்தார், அதுதான் கடைசிச் சத்தம், பக்கக்கல் சரிந்துவிட்டது. அந்தக் கிணற்றில் இன்றைக்கும் தண்ணீர் வற்றுவதில்லையாம். பெரியவனுக்கு அதே குழி, சின்னவளுக்கு இல்லை. சொல்லச் சொல்ல அவள் அழுதாள், இந்தத் தடவை அழுகைக்கு ஒரு முகம் இருந்தது. நல்லபெருமாள் ஒன்றையும் சரிபார்க்கவில்லை, எந்த ஊர்க் கிணறு என்று கேட்கவில்லை. அவள் சொன்னதெல்லாம் அவருடைய நெஞ்சில் இறங்கிக்கொண்டே இருந்தது, மாடசாமி என்கிற ஒருவரைத் தான் கொன்றுவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது, குலுங்கி அழுதார்.

அவள் ஓய்ந்த பிறகு எழுந்தார். பழக்கத்தில், போயிட்டு வாறேன் என்று வாய்வரை வந்தது. துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய், நூற்று எழுபத்தெட்டின் பாயில் உட்கார்ந்தார்.

"என்னம்மா ஆச்சு அவருக்கு?"

நூற்று எழுபத்தெட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத முதல்லயே வந்து கேட்டிருக்கலாம்லா சார்" என்றாள். பிறகு தன் புருஷனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.